தோய்க்காத ஜக்கெற்

மச்சான்,

உன் அறையை ஒதுக்கிக் காலிசெய்த பெடியள் நேற்று ஒரு பொலித்தீன் பையைத் தந்துவிட்டுப் போனார்கள். மூன்று முடிச்சு. அவிழ்த்தால், நீ இரவல் வாங்கிப் போன என் நீல ஜக்கெற். எடுத்து உதறியதும் குசினி முழுக்க அம்மா வலிக்குப் பூசும் நோவெண்ணெய் மணந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மணத்தை நான் முகரவில்லை.

ஒரே படகில் வந்து, ஒரே நாளில் அகதி விண்ணப்பம் கொடுத்தோம். உனக்கு நிரந்தர விசா வந்தது. எனக்கு இன்னும் பிரிட்ஜிங் என்கிற தற்காலிக விசாதான். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. ஊருக்குப் போகப் பயந்த எங்கள் ஆட்கள் பெற்றோரை மூன்றாவது ஒரு நாட்டில்தானே சந்திப்பார்கள். உன் தங்கை ஷாங்காயில் வேலை செய்ததால் நீ அங்கே போனாய். உன் அப்பா அம்மாவோடு என் அம்மாவையும் கூப்பிட்டாய். நல்ல மனதோடு கூப்பிட்டாய் என்று தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.

புறப்பட முதல்நாள் வந்து ஜக்கெற்றைக் கேட்டாய். தோய்த்து வைக்கிறேன் என்றேன்.

“தோய்க்காமல் தா,” என்றாய்.

பேக்கரியில் பாண் சுடும் வேலைக்கு நான் போட்டுப் போகிற ஜக்கெற் அது. புது விசாக்காரருக்கு இந்த ஊத்தை எதற்காம் என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினேன்.

பிறகு படங்கள் வந்தன. ஆற்றங்கரையில், வானத்தை முட்டும் கட்டடங்களுக்கு முன்னால், அம்மா உன் கையைப் பிடித்தபடி. வளைந்து வளைந்து போகும் பாலத்தில் மீன் பார்த்தபடி. கடையில் உனக்குத் தேத்தண்ணி ஆற்றியபடி. எல்லாப் படத்திலும் நீ என் ஜக்கெற்றோடு நின்றாய். அம்மா உன் இடது தோளில் கன்னத்தைச் சாய்த்திருந்தா. உன்னைப் பெற்றவ பக்கத்தில் நிற்கிறாவே, போய் அவவோடு நில்லேன்ரா என்று போனைப் பார்த்துத் திட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று உன்னை வெறுத்தேன். வீடியோவில் அம்மாவைக் காட்டினாய். வேலை என்று சொல்லிக் கட் பண்ணினேன். அன்று எனக்கு வேலை இல்லை.

திரும்பி வந்ததும் மெசேஜ் போட்டாய்: “ஜக்கெற் தோய்க்கேல்லை. கெதியா வந்து எடு.”

இரவல் வாங்கினதைத் தோய்த்துத் தரக்கூட மனமில்லையே இவனுக்கு, அதற்குள் என்ன அவசரம் என்று இன்னும் கோபம் ஏறியது. நீ கூப்பிட்டபோதெல்லாம் ஷிப்ட் என்றேன். பென்டில் ஹில் ரயில் ஸ்டேஷனில் உன்னைக் கண்டு மற்றப் பக்கப் படியால் இறங்கினேன். நீ என்னைக் கண்டாயோ தெரியாது. மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு, வேலையிடத்தில் உன் இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள்.

நேற்றுத்தான் அந்தப் பயணத்தைப் பற்றி அம்மாவிடம் போனில் வாய் திறந்து கேட்டேன். சீனாவில் தான் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றா.

“எயர்போர்ட்டிலேயே தோளைக் காட்டினவன். ‘அன்ரி, இது உங்கட மகன்ர ஜக்கெற். மணந்து பாருங்கோ’ எண்டான். பாண் மணந்தது, தம்பி. பத்து நாளும் அந்தத் தோளை விட்டு நான் விலகேல்லை.”

கடைசி நாள் அழுதபோது கழுத்தில் பூசியிருந்த நோவெண்ணெய் ஜக்கெற்றில் ஒட்டிவிட்டதாம். துடைக்கப் போனாவாம். நீ கையைப் பிடித்துத் தடுத்தாயாம்.

“இருக்கட்டும் அன்ரி. இது அவனுக்கு.”

நான் இன்னும் தோய்க்கவில்லை. வேலைக்குப் போட்டுப் போகவும் பயம், பாண் மணம் ஏறிவிடும். இடது தோளில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அம்மாவின் மணத்தோடு உன் வேர்வையும் இருக்கிறது. அந்தப் பத்து நாளுக்காக உன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், அது போகாது. திரும்ப மூன்று முடிச்சுப் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

வந்து எடு என்றாய். மூன்று தெரு தள்ளித்தானே இருந்தாய், மச்சான். நான் வரவில்லை.