வார்டனம்மாவின் சாவிக்கொத்து

என்னங்க, உங்க முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஒரு கூத்து கேளுங்க. காலையில கார்ட்டூன் பார்க்கப் பேப்பருக்கு அடிச்சுக்குவோமே! கார்ட்டூன் போடறவங்கள்ல உங்க ஆளு ஒரே கட்டத்துக்குள்ள ஊரையே அடைச்சுடுவார். என் ஆளு மூஞ்சியே போடாம, நாலு கோட்டுல ஆளைக் காட்டிடுவார். அந்த நினைப்புல, நான் வேலை பார்க்குற தையல் ஃபேக்டரியில கிடைச்ச அட்டையில எங்க விடுதி வார்டனம்மாவை வரைஞ்சேன். ஒரு சாவிக்கொத்து, அதுக்கு மேல மூக்குக்கண்ணாடி, அவ்வளவுதான். ரூம்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. திரும்பினா, அந்தம்மா பின்னாடியே நிக்கறாங்க!

திட்டலைங்க. "அட, நானேதான்"னு சிரிச்சுட்டு, வாங்கிட்டுப் போய் எங்க ரூம் கதவுலயே ஒட்டிட்டாங்க. வாங்கிக் கட்டிக்கிறவனும் சிரிச்சாத்தான் அது கார்ட்டூன்னு சொல்வீங்களே, நான் ஜெயிச்சுட்டேன்.

பேப்பர்ல வந்ததை வெட்டி அனுப்புங்க. உங்க ஆளு போட்டதே போதும். அதுல நிறைய ஜனம் இருக்கும், ஒவ்வொருத்தரா பார்த்துட்டிருப்பேன். ஞாயித்துக்கிழமைகூட வெளிய விடறதில்லை.

மணி அடிச்சாச்சு, ரூமைப் பூட்ட வர்றாங்க. நான் வரைஞ்ச படத்தைத்தான் என்னால உட்கார்ந்து பார்க்க முடியல. கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டியிருக்காங்க.

உங்க நாலு கோட்டுக்காரி