டிக்கிக்குள் உன் சான்றிதழ்

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நான், அப்பா, மாடியில் நீ விட்டுப்போன செடி மூவரும் சுகம், சுகமில்லாதது காரின் டிக்கி ஒன்றுதான். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாகச் சொல்கிறாய், நானும் நம்புவதாக நடிக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, காரின் முன் சீட்டில் உட்கார்ந்து முழங்காலில் பேப்பரை வைத்து எழுதுகிறேன். பின்னாலிருந்து அப்பா அழுத்து என்று கத்தும்போது டிக்கி பட்டனை அழுத்த வேண்டும், விடு என்றால் விட வேண்டும். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷர் என்னை நம்பிக் கொடுத்த முதல் பதவி இது.

விஷயத்தைச் சொல்கிறேன், பதறாதே. திங்கட்கிழமைக்குள் உன் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் நீல ஃபைலில் இருக்கின்றன, ஃபைல் டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கி திறக்க மாட்டேன் என்கிறது. நேற்று உன் காலேஜில் முத்திரை வாங்கிக்கொண்டு வரும்போது, சீட்டில் வைத்தால் எவனாவது கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவான் என்று அதை டிக்கியில் பத்திரப்படுத்திய அறிவாளி நான்தான். பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம், எங்களுக்கே கிடைக்கவில்லை. தையல்காரம்மாவின் மருமகள் இன்று நாலு மணிக்கு உன் ஊருக்குக் கிளம்புகிறாள், அவளை விட்டால் திங்களுக்குள் வந்து சேர வழியில்லை. ஃபைலைக் காட்டாவிட்டால் வேலை நிரந்தரமாகாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று நீதானே போனில் அழுதாய். இப்போது மணி பன்னிரண்டரை. சாவித் துவாரம்கூட இல்லாத டிக்கி, வாங்கும்போது அதுதான் நாகரிகம் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

யார் வண்டியில் ஒயர் போனாலும் அப்பாவின் கடைக்குத்தான் வருவார்கள், கால் மணியில் கோளாறைப் பிடித்துவிடுவார் என்று உனக்குத் தெரியும். அந்தக் கடையைப் பூட்டிவிட்டுக் காலையிலிருந்து இங்கே மல்லாந்து கிடக்கிறார். ஹாரனை அடித்துப் பார்த்தார், பேட்டரி சரியாக இருக்கிறது. ஃபியூஸில் டெஸ்ட் லாம்பைக் குத்தினார், இரண்டு பக்கமும் எரிகிறது. பட்டனைக் கழற்றிப் பார்த்தார், கரண்ட் வருகிறது, அழுத்தினால் அந்தப் பக்கம் போகிறது, ஆக நான் அழுத்துவதில் குற்றமில்லை, இதைக் குறித்து வைத்துக்கொள். பின் சீட்டைப் பெயர்த்து வாசலில் போட்டார், உடனே மேல்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் இறங்கி வந்து அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, மூடியில் ஓங்கி ஒரு குத்து விட்டால் திறந்துவிடுமே என்றார். பேங்க் லாக்கரையெல்லாம் அப்படித்தான் திறந்தீங்களா சார் என்று அப்பா கேட்டார் பார், அதற்கும் சார் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் தகட்டில் கை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, ஃபைல் வராது, அதன் ஓரமாகத்தான் டிக்கிக்கு ஒயர் போகிறது. இரு, அழுத்தச் சொல்கிறார். அழுத்தினேன், லாம்ப் எரிகிறதாம். அதுவரை கரண்ட் வருகிறது, ஆனால் மூடியில் இருக்கிற குட்டி மோட்டார் டக்கென்று ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை. அப்படியானால் இதற்கப்புறம் எங்கேயோதான் ஒயர் அறுந்திருக்கிறது என்று முணுமுணுக்கிறார்.

வாலு, உன்னிடம் ஒன்று சொல்கிறேன். மூடியின் கீல் பக்கம் ஒயர்களை உள்ளே வைத்து ஒரு ரப்பர் குழாய் வளைந்து போகும், நீயும் பார்த்திருப்பாய். கடைக்குப் போய்விட்டு வந்து சாமான் ஏற்றும்போது என் கைப்பையை, மழைக்காலத்தில் குடையை, ஒருநாள் ஐந்து கிலோ அரிசிப் பையையே நான் அதில்தான் மாட்டுவேன், கம்பெனிக்காரன் எவ்வளவு யோசித்துக் கொக்கி வைத்திருக்கிறான் என்று பாராட்டிக்கொண்டு. இரண்டு வருஷமாக மாட்டுகிறேன். சொன்னால் அப்பா ஆயுசுக்கும் ஓட்டுவார் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசை. அது பாதிதான். மணி ஒன்று, ஒன்றேகால் என்று நகர நகர, நாலு மணி தாண்டிவிட்டால் நீ வீட்டுக்கே வந்துவிடுவாயே, உன் மாடி அறை ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்று ஒரு நினைப்பு. இருப்புக் கொள்ளவில்லை. காலை மடக்குகிறேன், நீட்டுகிறேன், கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறேன், அதுவும் திருட்டு முழிதான் முழிக்கிறது. அப்பா மூன்றாவது தடவையாக அதே ஃபியூஸைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது வீட்டுக்குள் வந்து எழுதுகிறேன். ஒன்றரைக்குச் சொல்லிவிட்டேன். நீ போனில் அழுதது காதிலேயே நின்றது, அதற்குமேல் முடியவில்லை. ஏங்க, அந்த ரப்பர் குழாயைப் பாருங்க, நான்தான் பையை மாட்டி மாட்டி அறுத்துவிட்டேன் என்றேன். ஓட்டுவார், மேனேஜரையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பார் என்று காத்திருந்தால், ம் என்றார், அவ்வளவுதான். தோள்வரை கையை ஓட்டைக்குள் விட்டுக் குழாயைப் பிடித்து நசுக்கினார், அழுத்து என்றார், அழுத்தினேன், டக். மூடி எழுந்துவிட்டது. மேனேஜர் கைதட்டினார். நான் முதலில் ஃபைலை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்பா குழாயைக் கீறினார், உள்ளே ஒரு ஒயர் அறுந்து இரண்டாக நின்றது. ஒட்டுப்போட அவர் டூல்ஸ் பையைத் திறக்கவேயில்லை. சட்டைப் பாக்கெட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஒயர் துண்டை எடுத்தார், இரண்டு முனையும் ஏற்கெனவே அழகாகத் தோல் சீவியிருந்தது. இதை எப்போது சீவினீர்கள் என்று கேட்டேன். டேப்பை எடு என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மணி மூன்று. இந்தக் கடிதத்தையும் ஃபைலுக்குள்ளேயே வைக்கிறேன். நோய் நொடி இல்லாமல், பத்துப் பேர் மெச்ச அந்த வேலையில் நிலைத்து நில், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் முழுசாக உண்டு, கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது, அவ்வளவுதான். ஈரத் தலையைக் கட்டாதே. வேலை நிரந்தரமானதும் முதல் போன் எனக்கு வேண்டாம், அப்பாவுக்குப் பண்ணு, லீவு எப்போது என்பதையும் அவரிடமே சொல்லிவிடு.

இப்படிக்கு,
பட்டன் அழுத்தும் பதவியிலிருந்து இன்று ஓய்வுபெற்ற
உன் அம்மா