ராஜமேரி கல்யாணமும் நீ எழுதிய ஜீனும்

சேசு மரி சூசை

கடத்தூர்
9-10-1988

அன்பு மகள் வேளாங்கண்ணிக்கு அப்பா சவரி எழுதுவது. நானும் உன் தங்கை ராஜமேரியும் ஆண்டவர் கிருபையில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அமெரிக்காவில் குளிர் ஆரம்பித்திருக்கும், உன் உடம்பு எப்படி இருக்கிறது, முதலில் அதை எழுது. உன் கடிதம் பதினேழு நாள் கழித்து வந்து சேர்ந்தது. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு வரும் தபால் நீ எழுதுவது ஒன்றுதான், அதனால் நாலு தடவை படித்தேன்.

போன மாதம் ஒரு சேதியை உனக்கு எழுதாமல் மறைத்தேன். ராஜமேரிக்குப் பேசி முடித்த காரிமங்கலத்து சம்பந்தம், கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லும் நேரத்தில் நின்றுபோனது. நாலு வருசத்துக்கு முன்னே உன் அம்மா ரத்தப் புற்றுநோயில் போனதை மாப்பிள்ளையின் அத்தை பெரியம்மாளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாயின் ரத்தத்தில் இருந்தது பெண்ணுக்கு வராதா, அவள் பெறும் பிள்ளைக்கு வராதா என்று கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். ராஜமேரி அழவில்லை. அம்மா எனக்கு என்ன வச்சிட்டுப் போச்சு பாருங்கப்பா என்று மட்டும் சொன்னாள். உன் அம்மா ராயம்மாளைப் பற்றி அவள் பெற்ற பெண்ணே அப்படிச் சொல்லக் கேட்டதை நான் யாரிடம் போய்ச் சொல்வது, நீயும் கடலுக்கு அந்தப் பக்கம்.

அந்த வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது. நீ ஆராய்ச்சி செய்யும் ஜீன் எல்லா மனுசர் உடம்பிலும் இருக்கிறது, செல்லை வளரச் சொல்லி, போதும் என்றதும் அடங்கிவிடும், இந்த நோயில் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் அது அடங்காமல் போகிறது, அந்த செல் முதிராமல், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தாய். பெற்றவர்கள் வழியாக வருவது அபூர்வம், பிறந்த பிறகு நடக்கும் கோளாறு என்று கோடும் போட்டிருந்தாய். முப்பது வருசம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவனுக்கு அது புரிந்தது, சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடுமே அப்படி.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தருமபுரியில் பஸ் மாறி காரிமங்கலம் போனேன். மாப்பிள்ளையின் அப்பா அருள்சாமி நாற்காலி போட்டார், முகம் கொடுக்கவில்லை. உன் எழுத்தை வாசித்துக் காட்டினேன். பெரியம்மாள் எல்லாம் கேட்டுவிட்டு, அப்படின்னா உங்க பொண்ணுக்கு வராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா என்றாள். போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் நீ அப்படி எழுதவில்லையே. போட மாட்டேனுங்க, உங்க பையனுக்கு வராதுன்னும் யாரும் போட முடியாதுங்க, ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே பயந்தாங்க, என் பெரிய மவ அவ்வளவுதான் சொல்லியிருக்கா என்றேன். அப்ப உங்க வூட்டம்மா என்ன பண்ணி இது வந்துச்சு என்று கேட்டாள். அவ ஒண்ணும் பண்ணலீங்க என்றேன். உன் அம்மா அசதியாக இருக்கிறது என்று சொன்னபோது கடலை பறிப்பு முடியட்டும் ஆஸ்பத்திரி போகலாம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டவன் நான். உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அதை அந்த வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன். பெரியம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இனி அவ்வளவுதான் என்று நானும் எழுந்தேன். அவள் சொம்பில் மோர் கொண்டுவந்து, குடிச்சிட்டுப் போங்க, பொய் சொல்ற வூடா இருந்தாத்தான் நாங்க பயப்படணும் என்றாள். தை மாதம் கல்யாணம், பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்று.

ராஜமேரி இப்போதே எனக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுக்கிறாள், கட்டி தட்டிப்போகிறது. அவள் தண்ணிக்குப் போயிருந்தபோது, தைக்குப் பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை, கிணற்றடிக்கே போய்விட்டேன், ஏம்பா வந்தீங்க என்று கேட்டாள், குடத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். வேலையை விட்டு வா என்று உன்னைச் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு லீவு கிடைத்தால் வா.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைக் காரிமங்கலத்தில் நான் வாசிக்கவில்லை. நீங்கள் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்கள் இந்த நோயில் போன ஒரு பெண்ணுடையது, அவள் போய்ப் பத்து வருசத்துக்கு மேலாகியும் அவை வளர்ந்துகொண்டே இருக்கின்றன, அந்த ஜீனை அடக்கியதும் முதிர்ந்து சாகத் தொடங்கின, லேபில் எல்லோரும் கை தட்டினோம் என்று எழுதியிருந்தாய். நீ சந்தோஷப்பட்டது சரிதான் கண்ணு. ஆனால் அவளுக்கும் வீடு என்று ஒன்று இருந்திருக்கும், அவள் புருசன் எங்கே உட்கார்ந்திருக்கிறானோ. அவள் பேர் தெரிந்தால் எழுது. கல்லறைத் திருநாளுக்கு உன் அம்மா பேரில் பூசை சொல்லியிருக்கிறேன், அவள் பேரையும் சேர்க்கச் சொல்கிறேன். அதற்குள் உன் பதில் வராது. இந்த வருசம் பேர் சொல்லாமல் உன் அம்மா பக்கத்தில் அவளுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறேன்.

கம்பளி போடாமல் வெளியே போகாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ம. சவரி