மூன்றாம் முறை கேட்க விடவில்லை

ஜெருசலேம்,
பாவநிவாரண நோன்புக்கு மறுநாள்.

அன்புள்ள எஸ்த்ரேயா அக்காவுக்கு,

ஜோயா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். புவெனஸ் அயர்ஸில் பாத்திரம் தேய்த்து வெடித்த உன் கைகள் ஆறினவா?

வீதா அத்தை மன்னிப்புக் கேட்டு வந்தாள். உனக்கு வலிப்பு என்று பொய் சொல்லிக் கல்யாணத்தைக் கலைத்து, அதே மாப்பிள்ளைக்குத் தன் மகளைக் கட்டிக்கொடுத்தவள், அதற்குள் மன்னிப்பு வாங்காவிட்டால் பாவம் கழியாதே என்று நோன்பு நெருங்கியதும் பயந்துவிட்டாள். "அக்கா ஊரைவிட்டுப் போனதும் நீ படிப்ப விட்டதும் என்னாலதாண்டி கண்ணு, மன்னிச்சிடு" என்றாள். எனக்குத்தான் யார் முன்னாலும் பேச்சு வராதே. மாட்டேன் என்று தலையசைத்தேன். மறுநாளும் வந்தாள். மறுநாளும் மாட்டேன். அன்று எனக்குச் சோறு இனித்தது.

அப்புறம்தான் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு தடவ கேட்டும் நீ மறுத்தா, அவ பாவம் கழிஞ்சிடும்டி. குத்தம் உன் தலையில ஏறிடும்!" இரண்டு முறையை வீணாக்கிவிட்டேன் அக்கா. இன்னும் ஒரு முறை கேட்டால் அவள் தப்பிவிடுவாள்.

நோன்பு தொடங்கும் நாள் காலையிலேயே ஒளிந்துகொள்ள மாடிக்கு, உம்மு ஹிஷாம் வீட்டுக்கு ஓடினேன். திராட்சை இலையில் அரிசி சுற்றிக்கொண்டே அவர், "எங்க மார்க்கத்துல, மனுஷனுக்குச் செஞ்ச அநியாயத்த அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். தீர்ப்பு நாள்லகூட நீ அவள நிறுத்திக் கேக்கலாம்" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே வந்திருந்த பக்கத்து வீட்டு ஹெலனே சிரித்தாள். "எங்க வேதத்துல ஏழெழுபது தடவ மன்னிக்கச் சொல்லியிருக்கு. அதனாலதான் என் மாமியா இன்னும் உசுரோட இருக்கா." யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர், மூவருக்கும் ஆபிரகாமின் கடவுள்தான். மன்னிக்கும் சட்டம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

அத்தை கீழே வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் இங்கே இல்லை என்று சொல்லச் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன் என்றார் உம்மு ஹிஷாம். "நான் சொல்றேன், ஞாயித்துக்கெழம பாதிரியார்கிட்ட ஒத்துக்கிட்டாப் போச்சு" என்று ஹெலனே எட்டிப் பார்த்து, நான் குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். பொழுது சாயும்வரை அத்தை கிணற்றடியிலேயே நின்றாள். கேட்காமலே நோன்புக்குள் போனாள். நேற்று தொழுகைக்கூடத்தில் அவள் அழுததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று அம்மா மனமிளகி உன் முகவரியை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று கடிதங்கள் வரும். பிரிக்காதே அக்கா. படிக்காத கடிதம் கேட்டதாக ஆகாது. நம் மதகுரு ரபியிடம் கேட்கக் கூச்சம், நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

கடவுள் வைத்திருக்கும் வாழ்வின் புத்தகத்தில் உன் பெயர் எழுதப்படட்டும். அவள் பெயர் இருக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

உன் தங்கை,
ஜோயா