குடை பிடித்துப் போனவள்

மாத்தளை,
ஞாயிற்றுக்கிழமை

என் தங்க மகளுக்கு,

போன்ல சொல்ல வந்தா எனக்கு அழுகை முந்திக்கும். அதான் எழுதுறேன்.

நீ டிவியில நெட்ஃபிளிக்ஸ் போட்டுத் தந்துட்டுப் போனியே, அதுல ஜப்பான் நாடகம்தான் தினமும் பாக்குறேன். உலகமே இப்ப அதைத்தான் பாக்குதாம், பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னா. கீழ ஓடுற இங்கிலீஷை வாசிக்க எனக்கு வேகம் போதாது. கதாநாயகி யாரைக் கட்டிக்கிட்டா எனக்கென்ன? அவளுக்குப் பின்னால ரோட்டுல போற வர்ற ஆளுங்களைத்தான் பாக்குறேன். நீயும் அந்த நாட்டு ரோட்டுலதானே வேலைக்குப் போற.

அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேணாம்னுட்டு நீ பிளேன் ஏறினதுல இருந்து அவர் உன் பேரைச் சொல்றதில்ல. ஜெபமாலை முடிவுல ஊர்ல உள்ள நோயாளி எல்லாருக்கும் வேண்டுவார், உனக்கு மட்டும் இல்ல. நாடகம் ஓடுறப்போ பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்குவார்.

நேத்து நாடகத்துல நல்ல மழை. திடீர்னு, "இந்தா, நிறுத்து. கொஞ்சம் பின்னுக்குப் போடு"ன்னார். குடை பிடிச்சுக்கிட்டு, உன்னை மாதிரியே இடது தோளைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி ரயில் பாதையைக் கடந்து போனா. ரெண்டு பேரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்டப்பல்லாம் பின்னுக்குப் போட்டேன்.

இன்னைக்கு ஜெபமாலை முடிஞ்சும் அப்பா முழங்கால்லயே இருந்தார். அப்புறம் மெதுவா, "மழையில தனியா நடந்து போற பிள்ளைங்களுக்காகவும் மன்றாடுவோம்"ன்னார்.

குடையை மறக்காம எடுத்துட்டுப் போ.

உன் அம்மா