குட்டி வக்கீலிடம் மட்டும்

மார்ச் 4, சனி

ஒருவழியாக இவரைச் சட்டக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்விட்டேன். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அங்கே மாணவர்களே வழக்கு எழுதித் தருகிறார்கள். குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த மனப் பாதிப்புக்கு ஓய்வூதியம் கிடையாது என்று பட்டாள அலுவலகம் கைவிரித்துவிட்டது. மேல்முறையீடுதான் வழி.

எங்களுக்கு வாய்த்தவள் கடைசி வருட மாணவி. குட்டி வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டேன். "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. சார்கிட்ட தனியாத்தான் பேசணும்" என்றாள். கட்டின பெண்டாட்டி நடைவழி நாற்காலியில்!

மார்ச் 5

வீட்டில் இவர் வாயிலிருந்து வருவது "ம்", "சரி", "வேணாம்". நேற்று அங்கே மதியம் முழுக்கப் பேச்சு. என்ன சொன்னீங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல."

மார்ச் 11, சனி

கதவில் சின்னக் கண்ணாடி இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். நடுவில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அந்த டம்ளரை நகர்த்த வேண்டியவள் நான். பொறாமைதான், எழுதிவிட்டேன், போதுமா? அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிஞ்சா மட்டும் வயிறு எரியாம இருக்குமா?

மார்ச் 12

அக்காவிடம் போனில் புலம்பினேன். "டாக்டர்கிட்ட சட்டையைக் கழட்டுறதுக்கெல்லாம் பொறாமைப்படுவாங்களாடி?" என்று சிரிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூடப் பேசுகிற மனிதர். அவளுக்கென்ன தெரியும்.

மார்ச் 18, சனி

குட்டி வக்கீலையே பிடித்துக் கேட்டுவிட்டேன். "கட்சிக்காரர் சொன்னதை வெளிய சொல்லக் கூடாதுக்கா. மனைவியா இருந்தாலும்." நான் வெளியாளாம்!

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமார் டமார் என்று கழுவினேன். இவர் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். சீ, என்ன செய்தேன் நான்.

மார்ச் 24

நாளை போகமாட்டேன். தனியாகப் போகட்டும்.

மார்ச் 25, சனி

போனேன்.

ஏப்ரல் 1, சனி

மனைவியின் வாக்குமூலமும் வேண்டுமாம். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி.

"வீட்டுல என்னக்கா மாறிச்சு? சின்ன விஷயமானாலும் சொல்லுங்க."

குக்கரைச் சொன்னேன். இவர் திரும்பி வந்த வாரம், முதல் விசிலுக்கே மேஜைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டார். மறுநாள், கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லிக் குக்கரைப் பரணில் ஏற்றினேன். இன்றுவரை இறக்கவில்லை. அதைச் சொன்னதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்த மகளைப் பழக்கியது, எனக்கு அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வது. டம்ளர் என் பக்கம் நகர்ந்தது.

வெளியே என் நாற்காலியில் இவர். முகம் உம்மென்று இருந்தது. பஸ் நிறுத்தம் வந்ததும், "அந்தப் பொண்ணுகிட்ட அவ்ளோ நேரம் என்ன பேசின? என்கிட்ட சொல்லாதது?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"குக்கரைப் பத்தி."

"கேஸ்கட் போச்சுன்னியே."

"போகலைங்க."

பஸ் வந்தது. இவர் ஏறவில்லை.

"குண்டு வெடிச்ச அன்னிக்கு வண்டியில என் பக்கத்துல உக்காந்திருந்தானே, அவன்..." என்று ஆரம்பித்தார்.

அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.