இரண்டு வீட்டுக்கும் ஒரே மருந்து

ஜூன் 8

குட்டியின் அப்பாவுக்கு,

ஃபோனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

குட்டியின் கழுத்தில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து அரிக்கிறது. வயிற்றிலும் ஒன்று. படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு தடவினேன். முதலில் அடங்கியது, இப்போது இன்னும் அகலமாகப் பரவிவிட்டது. வகுப்பில் "உன் பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டிக்கும்" என்று ஒதுக்குகிறார்களாம். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழுகிறாள்.

உங்களுக்கும் அவளுக்கும் ஒரே துண்டு, அதுவும் ஈரத்துண்டு. எனக்குத் தெரியாதா? இது ஆறும் வரை சனி, ஞாயிறு அவளை உங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

குட்டியின் அம்மா

ஜூன் 12

குட்டியின் அம்மாவுக்கு,

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படிக்கும்போதே என் கை இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தது. எனக்கும் இருக்கிறது. நாள் முழுக்க பஸ் இன்ஜின் சூட்டில், வியர்வையில் ஊறிய பேண்ட்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு வராமல் யாருக்கு வரும்?

நேற்று தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

"வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"பொண்ணுக்கு. ஆனா அவ வேற வீடு, டாக்டர்."

"வாராவாரம் வருவாளா?"

"வருவா."

"அப்போ பூஞ்சைக்கு அது ஒரே வீடுதான். இருக்குறவங்க எல்லாரும் ஒண்ணா மருந்து எடுக்கணும். ஒருத்தர் விட்டாலும் சுத்தி வந்துரும்."

கடைக் களிம்பைத் தூக்கிப் போடச் சொன்னார். அந்த மாதிரிக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாமாம். அரிப்பு அடங்கும், பூஞ்சை வளரும்.

துண்டு விஷயத்தில் நீ சொன்னது சரிதான். ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கும் இருக்கிறதா?

குட்டியின் அப்பா

ஜூன் 16

குட்டியின் அப்பாவுக்கு,

இருக்கிறது. பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், சில மாதமாக. யாரிடம் சொல்வது? இந்த வீட்டில் வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. துணியை ஃபேன் காற்றில் போட்டு, அரை ஈரத்தோடு உடுத்திக்கொண்டு வேலைக்கு ஓடுகிறேன். எனக்கும் குட்டிக்கும் ஒரே போர்வை வேறு.

நாங்களும் அதே டாக்டரம்மாவைப் பார்த்தோம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டேன். "அதைக் கண்டுபிடிச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்றார். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது.

எனக்கு மாத்திரை, குட்டிக்குப் பூசும் மருந்து. மருந்து எடுக்கிறாள், மற்றவர்களோடு உட்காரலாம் என்று பள்ளிக்கூடத்துக்கும் எழுதித் தந்தார்.

சனிக்கிழமை அனுப்புகிறேன். அவள் துண்டு பையில் இருக்கிறது.

குட்டியின் அம்மா

ஜூலை 13

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

அவள் கழுத்து தெளிந்துவிட்டது. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதே. டாக்டரம்மா சொல்லும் வரை போட வேண்டும்.

நான் குளித்துவிட்டு வந்தால் வாசலை மறித்துக்கொண்டு, "அப்பா, விரல் இடுக்கு துடைச்சீங்களா? காமிங்க" என்கிறாள். டிப்போ மேனேஜர்கூட என்னை இப்படி மிரட்டியதில்லை. டிப்போவில் இன்னும் சில டிரைவர்களுக்கும் இதே தொல்லை. இப்போது மத்தியானம் எல்லோரும் உலர்ந்த உள்ளாடை மாற்றிக்கொள்கிறோம்.

இங்கே மொட்டை மாடி முழுக்க வெயில். ஞாயிற்றுக்கிழமை உங்கள் துணியைக் கொண்டுவந்து காயப்போடலாம். எனக்கு டியூட்டி இருந்தால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கிறேன். சங்கடப்படாதே.

குட்டியின் அப்பா

ஜூலை 17

அன்புள்ள உங்களுக்கு,

குட்டி தோழிகளோடு சேர்ந்து உட்காருகிறாள். இன்று அவர்களுக்குத் துண்டைப் பற்றிப் பாடம் எடுத்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். மூட்டை பெரிது, பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள். டியூட்டியை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

இந்தத் தடவை, வழக்கம்போல வாசலோடு திரும்பிவிட மாட்டேன். துணி காயும் வரை இருப்பேன். இப்போதெல்லாம் மத்தியானமே மேகம் கூடிவிடுகிறது. காய்வதற்குச் சாயங்காலம் ஆகிவிடும் போலிருக்கிறது. மூன்று பேருக்குச் சமைத்துவிடுங்கள்.

குட்டியின் அம்மா